மட்டி போட்ட குட்டை

இறால் குட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குஞ்சு விடுவதற்கு முன்னால் குட்டையில் உயிரோடு இருக்கிற எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும். மீன், நண்டு, நத்தை, புழு, ஒன்றும் மிஞ்சக் கூடாது. பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாக வீசி எல்லாம் செத்த பிறகுதான் இறாலுக்கு அங்கே இடம். என் வீட்டுக்காரர் பால்துரை இந்த வேலையில் கெட்டிக்காரர். மற்ற வேலைக்கெல்லாம் ஆள் வைப்பார். கொல்லுகிற வேலைக்கு மட்டும் தானே இறங்குவார். கட்டின பொண்டாட்டி இப்படியா பேசுவாள் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவரோடு குடும்பம் நடத்தினவள் நான்தான்.

எங்கள் பண்ணை முக்காணியைத் தாண்டி, ஆறு கடலில் விழுகிற பக்கம் இருக்கிறது. ஒரே வாய்க்காலை ஒட்டி வரிசையாகக் குட்டைகள். முன்னால் உள்ள குட்டைகளின் கழிவுத் தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியே கடைசிக் குட்டையின் மடையில் வந்துதான் முட்டும். மிஞ்சின தீவனம், இறாலின் கழிவு, செத்த பாசி எல்லாம் அதன் தரையில் படிந்து கருஞ்சேறாகிப் போயிருந்தது. கையை விட்டால் முழங்கை வரை கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். அங்கே விட்ட குஞ்சு ஒவ்வொரு தடவையும் பாதி வளர்ந்து செத்தது. கடைசியில் அதைச் சும்மா போட்டுவிட்டார்கள்.

சும்மா போட்ட இன்னொன்று என் நாத்தனார் சீனித்தாய். சாத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்துப்போனான். பிள்ளையும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒரு பெட்டியைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். "வீட்டுல இடம் இல்லளா" என்று சொல்லி இவர் அவளைப் பண்ணையில் மோட்டார் ஷெட்டில் கொண்டு வைத்தார். எங்கள் வீட்டில் இடம் இல்லையாம்! ஒரு அறை முழுக்கக் காலி அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறோம். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவள் வந்து என் அடுப்படியில் உட்காருவதில் எனக்கும் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அப்புறம் இவர் அவளுக்கு மறுகல்யாணம் பேச, விளாத்திகுளத்தில் மிளகாய் வியாபாரம் பார்க்கும் நல்லக்கண்ணு என்பவரைப் பிடித்தார். பெண்டாட்டியை இழந்தவர். படுத்த படுக்கையாக அம்மா. பெண் பார்க்க வந்த மனுஷன் சீனியின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தார். "அம்மா கொஞ்சம் கனத்த உடம்பு. தூக்கிப் போட்டுக் குளிப்பாட்டத் தெம்பு இருக்கா?" என்று கேட்டார். மாட்டுத்தாவணியில்கூட பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை முதுகைத் தடவிக் கொடுப்பார்கள்.

"நான் போக மாட்டேன்" என்றாள் சீனி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாசரேத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் தாய்மாமா பாண்டித்துரை சாப்பிட வந்திருந்தார். எங்கள் வீட்டு வழக்கெல்லாம் அவர் இலைக்கு முன்னால்தான் தீரும்.

"போகாம இங்கன இருந்து என்னளா செய்யப் போற?" என்றார் இவர்.

"ஒரு குட்டையக் குடு. பொழச்சுக்கிடுதேன்."

இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி. கடைசிக் குட்டைய எடுத்துக்க. அந்தக் கெட்ட குட்டையில ஒரே ஒரு தடவ உருப்படியா இறால் எடுத்துக் காட்டு. குட்டை உனக்கு. பத்திரம் போட்டுத் தாரேன். எடுக்கலன்னா வாயப் பொத்திக்கிட்டு விளாத்திகுளத்துக்குப் போயிரணும். மாமா, நீங்கதான் சாட்சி."

"நான் சாட்சி, நான் சாட்சி" என்று மாமா கோழிக்காலை உறிஞ்சினார். நானும் சிரித்தேன். அந்தக் குட்டையில் கொக்குகூட இறங்காது.

சீனி சிரிக்கவில்லை. அதற்குச் சில மாதம் முன்னால் தூத்துக்குடியில் இறால் பண்ணைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். இவர் போகச் சோம்பல்பட்டு, "கையெழுத்து மட்டும் போட்டுட்டு வா, பிரியாணி தருவான்" என்று அவளை அனுப்பினார். மற்றவர்கள் பிரியாணிக்குக் காத்திருந்தபோது இவள் அங்கே சொன்னதைக் கேட்டிருக்கிறாள். இறாலோடு மட்டி என்கிற சிப்பியையும் சேர்த்து வளர்த்தால், மட்டி சேற்றில் புதைந்து கிடந்து, தண்ணீரில் மிதக்கிற அழுக்கை வடிகட்டித் தின்னும், அது நகர நகர மண் கிளறிப்பட்டுக் காற்றோட்டம் கிடைக்கும், தரை கெட்டுப்போகாது. இதுதான் பாடம்.

புன்னக்காயலில் மட்டி எடுத்து விற்கிற அம்புரோஸ், அவள் கேட்டபடி சாக்கில் மட்டி கொண்டுவந்தார். கழிமுகத்தில் காலால் தடவித் தடவி எடுத்த உயிர் மட்டி. லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல எல்லாரும் மட்டியத் திம்பாவ. நீ மட்டிக்குச் சேத்தத் திங்கக் குடுக்கியே தங்கச்சி!" என்றார்.

சீனி முதலில் மேலாகக் கிடந்த கருஞ்சேற்றைக் கூடை கூடையாகத் தானே வாரிக் கரையேற்றினாள். எல்லாரையும் போல அவளும் பிளீச்சிங் அடித்தாள். தண்ணீர் நிறுத்தி, அந்தக் காரம் முழுக்கப் போன பிறகு கரையோரமாக மட்டியை விதைத்தாள். அதன் பிறகுதான் இறால் குஞ்சு. மட்டி தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பைத் தன் ஓட்டுக்கு இழுத்துக்கொள்ளும், இறால் ஓடு மெத்தென்று ஆகிவிடும் என்று மாமா போனில் பயமுறுத்தினார். அதற்கும் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினாள்.

தினமும் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். நான் டீத் தூக்கோடு போகும்போது கையை என் மூக்குக்கிட்டே நீட்டுவாள். "மைனி, நாத்தம் கொறஞ்சிருக்கா?" நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் குறைந்துதான் இருந்தது. கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, சாம்பல் பழுப்பாகி, ஒருநாள் வெறும் மண் வாசனை வந்தது. மட்டியும் விரல்கடை பெருத்திருந்தது. அன்றைக்கு அவள் அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

இவருக்கு வயிறு எரிந்தது. பட்டப்பகலில், அவள் பார்க்கப் பார்க்க, தன் குட்டைகளின் கழிவுத் தண்ணீரைத் திறந்து, அந்தக் கடைசி மடையையும் தூக்கிவிட்டார்.

"அண்ணே, நாலு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்று ஓடினாள்.

"தண்ணி பள்ளத்துக்குத்தானளா போகும். நான் என்ன செய்ய?"

அவள் மடையை இறக்கிவிட்டு மறுநாளும் இறங்கி முகர்ந்தாள். மட்டி அந்த அழுக்கையும் தின்றுவிட்டது. இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கிற செக் ட்ரேயைத் தூக்கினால் இறால் துள்ளி வெளியே விழுந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் குடல் நிறைந்து கறுப்புக்கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்த இவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

ஆவணியில் அறுவடை. ஐஸ் வண்டிக்காரர்கள் அவள் இறாலைத்தான் முதலில் எடுத்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குட்டையை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சீனி குளித்து, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பத்திரம்" என்றாள்.

இவர் சாவகாசமாகக் கை கழுவிவிட்டு மாமா பக்கத்தில் இலைக்கு உட்கார்ந்தார். "எந்தக் குட்டைக்கு?"

"கடைசிக் குட்டைக்கு."

"நான் கெட்ட குட்டையத்தான தாரேன்னேன். இது நல்ல குட்டையால்லா இருக்கு! நல்ல குட்டைய எவனாவது தூக்கிக் குடுப்பானா? என்ன மாமா?"

சீனி மாமாவைப் பார்த்தாள். "நீங்க சாட்சியில்லா மாமா?"

மாமா மீன்முள்ளை இலையோரம் ஒதுக்கினார். "கெட்ட குட்டைன்னுதானம்மா பேச்சு. நீ உள்ளதச் சொல்லு. அது இப்பக் கெட்ட குட்டையா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாயத் தொறந்து சொல்லுளா" என்றார் இவர். "மண்ணு நல்லாருக்கா, இல்லியா? நீதான தெனமும் மோந்து பாத்த!"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சீனி.

"அம்புட்டுத்தான். கார்த்திகையில முகூர்த்தம். நல்லக்கண்ணு சேலை எடுத்துட்டாராம்."

அவள் வாயாலேயே சொல்ல வைத்துப் பிடுங்கிக்கொண்டார்கள் பாவிகள்! நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி தவறி இவர் கையில் கொஞ்சம் கொதிக்கக் கொதிக்க விழுந்தது. "கண்ணு தெரியலியா சனியனே" என்று மாமாவுக்கு முன்னாலேயே கையை ஓங்கினார். நான் உள்ளே போய்விட்டேன். சீனி சாப்பிடாமல் பண்ணைக்குத் திரும்பினாள்.

மார்கழிக்குள் அதே குட்டையில் இன்னொரு அறுவடை பார்த்துவிட வேண்டும் என்று இவருக்கு அவசரம். குட்டையைக் காயப் போடக்கூடப் பொறுமை இல்லை. தண்ணீரை வடித்துவிட்டு ஈரச் சேற்றின் மேலேயே பிளீச்சிங் வீச இறங்கிவிட்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெள்ளைப் பொடியை அள்ளி அள்ளி எறிந்தார். நானும் சீனியும் கரையில் இருந்தோம்.

"உள்ள மட்டி கெடக்கே, எடுக்கலியா நீ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என் குட்டையா மைனி அது?"

"அத்தனையும் செத்தா நாறிப் போகுமேளா."

"அண்ணன் ஒரு வார்த்த கேக்கட்டும். 'ஏளா, இத என்ன செய்யணும்'னு கேக்கட்டும். அத்தனையும் நானே எறங்கிப் பொறுக்கித் தாரேன்."

அவர் கேட்கவில்லை. காலில் ஒரு மட்டி தட்டுப்பட்டதும் குனிந்து எடுத்துப் பார்த்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கெடக்கட்டும். செத்தா உரம்தான! எங்கய்யா தென்னைக்கு அடியில மீனப் பொதைச்சுத்தான காய் காய்க்க வச்சாரு." மட்டியைத் திரும்பச் சேற்றில் போட்டு மிதித்தார். தோட்டம் வைத்திருந்தவர் மகனுக்குக் குட்டையும் தோட்டமாகத்தான் தெரியும். தோட்டத்து மண் மூச்சுவிடும். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மண் எங்கே போய் மூச்சுவிடும்?

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓங்கின கைக்கு உபதேசம் வேறு செய்ய வேண்டுமா?

எங்கள் காலடியில் ஒரு மட்டி கிடந்தது. பொடி பட்டதும் ஓட்டை இறுக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சுக்கு லேசாகத் திறந்தது, மறுபடி மூடியது. இத்தனை மாதம் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது. சீனி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம், தன் கையாலேயே, அந்த வெள்ளைச் சேற்றுக்குள் அழுத்தி விட்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நல்ல குட்டை என்று இவர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குஞ்சு விட்டார். அடியில் மட்டி ஓட்டுக்குள்ளேயே செத்து அழுகத் தொடங்கியிருந்தது. அது மேலே தெரியவில்லை. இறால் நன்றாகத்தான் தின்றது. தீவனத்தை அள்ளிக் கொட்டினார். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். தங்கச்சி செய்ததைத் தான் செய்ததாகவே பேசினார்.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை பண்ணையிலிருந்து இவர் போட்ட கூச்சல் போனில் என் காதைப் பிளந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இறால் எல்லாம் கரையோரம் ஏறி, மேல்தண்ணீரில் முகத்தை வைத்துத் தவித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் காற்றுக் கலக்கிற சக்கர ஏரேட்டர் எல்லாம் ஓடியும் பயன் இல்லை. தரையிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் குமிழி கிளம்பிக்கொண்டிருந்தது. பழைய அழுகின முட்டை நாற்றம் திரும்பி வந்திருந்தது. கொக்கும் காக்கையும் வரிசையாக நின்று உயிரோடு கொத்தின. வெயில் ஏறுவதற்குள் குட்டை முழுக்கச் செத்து வெளுத்து மிதந்தது.

இவர் ஷெட்டுக்கு ஓடி, சீனியின் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தார். "என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேளா! என்னளா செஞ்ச?" கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் செய்யல அண்ணே. நீதான உரம் போட்ட."

மாமாவை வரச் சொன்னதும் அவள்தான். அன்றைக்கு வீட்டில் இலை போடவில்லை. சோறு பொங்க எனக்கு மனம் வரவில்லை, நாற்றம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்ற மாமாவிடம் சீனி கேட்டாள்.

"மாமா, இது நல்ல குட்டையா, கெட்ட குட்டையா?"

மாமா இவரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லாண்டாம். அண்ணன் வாயால சொல்லட்டும். அண்ணே, மோந்து பாத்துச் சொல்லு."

"கெட்டுத்தான் தொலைஞ்சிட்டே!" என்று கத்தினார் இவர்.

"கெட்ட குட்டை எனக்குன்னுதான பேச்சு? ஒரு தடவ எடுத்தும் காட்டியாச்சு. எழுது."

மாமாவுக்குத் தப்பிக்க வழி இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கும் அப்போது அந்தப் பீடை விட்டால் போதும் என்று இருந்தது. "எடுத்துத் தொலை" என்றார். அந்த வாரமே ஸ்ரீவைகுண்டத்தில் போய்ப் பதிந்துகொடுத்தார். பீடையைத் தலைமுழுகிவிட்டதாக நினைத்துத் திரும்பிவந்தார்.

மறுநாள் காலையில் சீனி மடைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, இந்த மடை இப்ப என்னது. கடல் ஏறுற நேரம் தொறந்தேன்னா இந்தத் தண்ணி வாய்க்கால்ல பின்னால ஏறி உன் குட்டை எல்லாத்துக்கும் போகும்."

"ஏளா, அங்கன குஞ்சு கெடக்குளா!" இவர் குரல் உடைந்துவிட்டது.

"தெரியும். எறங்கு. உள்ள கெடக்குற மட்டி ஓடு ஒண்ணு விடாமப் பொறுக்கிக் கரையில போடு. எனக்கு மண்ணு சரியாகணும்."

ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த நாற்றத்துக்குள் இறங்க ஒருத்தரும் வரவில்லை. அம்புரோஸ்கூட, "எனக்கு உயிர் மட்டிதான் பழக்கம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாய் பிளந்து கிடந்த ஓடுகள் பிளேடு மாதிரி. காலால் தடவ வேண்டும், குனிந்து எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கால் முழுக்கக் கிழிந்து ரத்தம் கறுப்புத் தண்ணீரில் கலந்தது. ஏறப் பார்த்தபோதெல்லாம் சீனி பலகையை லேசாக அசைத்தாள். இவர் மறுபடி குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து விளாத்திகுளத்து நல்லக்கண்ணு காரில் வந்து இறங்கினார். முகூர்த்தச் சேலையைப் பையில் வைத்திருந்தார். குட்டைக்குள் தனக்கு மச்சானாக வேண்டியவர் நிற்கிற கோலத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"வாங்க" என்றாள் சீனி. "ஒங்கம்மாவத் தூக்கிப் போட்டுக் குளிப்பாட்டத் தெம்புள்ள ஆளு வேணும்னியளே? இந்தா குனிஞ்சு நிக்காரு பாருங்க. நல்ல தெம்பு. அழுக்குல எறங்கவும் பழகிட்டாரு. சேலையக் கட்டிக் கூட்டிட்டுப் போங்க."

நல்லக்கண்ணு பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். நான் சிரித்துவிட்டேன். கட்டின புருஷன்தான், இருந்தாலும் அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சீனி திரும்பி என்னைப் பார்த்தாள். மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகம் இல்லை அது. அப்படியே அவள் அண்ணன் முகம்.

"வீட்டுல இடம் இல்லன்னு அண்ணன் சொன்னப்ப நீயும் அங்கனதான நின்ன மைனி?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"அந்த அட்டைப்பெட்டி அறை எனக்குத் தெரியாதா? அவரு ஒத்தையாப் பொறுக்கி என்னைக்கு முடிய? நீயும் எறங்கு."

"சீனி, எங்கால்..."

அவள் பலகையைத் தூக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் எங்கள் சோறு முழுக்க அந்தக் குட்டைகளில் நீந்திக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.